தபாலில் வந்த துரும்பு

செவ்வாய்ப்பேட்டை,
14-2-1938

சங்கத் தலைவர் சுவாமிநாதன் அவர்களுக்கு,

நான் ஓடிப்போனதாகச் சொல்கிறார்களே, அது உங்களோடு. சனிக்கிழமைக் கமிட்டியில் அதை நீங்கள் சொல்லவில்லை.

க்ஷேமம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் இதைப் பேசிவிடலாம்.

செவ்வாய்ப்பேட்டையில் தார் சுற்றும் பெண்கள் எல்லோரும் சேர்ந்து என்னைக் கமிட்டிக்கு அனுப்பினார்கள். தறிக்காரர்கள் உட்கார்ந்து தறிக்காரர் கூலியைப் பேசுகிறீர்கள். நாங்கள் ராட்டையில் நூலைக் குச்சிக்கு ஏற்றித் தார் போட்டுத் தராவிட்டால் எந்தத் தறியில் குறுக்கு நூல் போடும் நாடா ஓடும்? எங்களுக்காகப் பேச ஒருத்தி வேண்டும் என்று கேட்டோம். போன மாதம் நீங்களும் சரி என்று தலையை ஆட்டினீர்கள். வரப்போகிறவள் யார் என்று அப்போது உங்களுக்குத் தெரியாது. சனிக்கிழமை நான் படியேறி உள்ளே வந்தபோது உங்கள் முகத்தைப் பார்த்தேன். அடையாளம் தெரிந்துவிட்டது.

காரியதரிசி மணியன் எழுந்தார். "இந்த அம்மிணி கட்டுனவனை உட்டுப்போட்டு இன்னொருத்தனோட ஓடி மேட்டூருக் கூலிலைன்ல கெடந்தவங்க. இவங்க இங்க வந்து உக்காந்தா நம்ம ஊட்டுப் பொம்பளைக நாளைக்கு என்னங்க நெனைப்பாங்க?" என்றார். பின்னாலிருந்து ஒருவர், "ஓடுனது யாரோடன்னு கேளுங்க. அவனையும் கமிட்டியில சேத்துக்கலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவனை ஏற்கெனவே தலைவராக வைத்திருக்கிறீர்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. உங்களைப் பார்த்தேன். நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தீர்கள். திரும்ப மாட்டிக்கொண்டு, "அடுத்த விஷயத்துக்குப் போவோம்" என்றீர்கள்.

மறுநாள் சங்கக் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. "நன்னடத்தை இல்லாத காரணத்தால் சாலம்மாள் என்பவர் கமிட்டியில் இருக்கத் தகுதி அற்றவர்." கீழே உங்கள் கையெழுத்து. அந்தச் 'சு'வை வளைக்க உங்கள் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

அடுத்த கமிட்டியில் எழுந்து நின்று, "அந்த ஆள் நான்தான்" என்று சொல்லுங்கள். நோட்டீஸைக் கிழியுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை. உங்களோடு வந்து இருக்கிற ஆசையும் எனக்கு இல்லை. உங்கள் பெயரை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இனியும் சொல்லப்போவதில்லை. நான் சொன்னால் பொய் என்பார்கள். நீங்கள் சொன்னால்தான் அது உண்மை ஆகும். நாடு அப்படி இருக்கிறது.

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. உங்களுக்கு மாசிப் பனியில் மூச்சு இரைக்குமே, இந்த வருஷம் எப்படி இருக்கிறது?

இப்படிக்கு,
சாலம்மாள்


ராசிபுரம்,
9-3-1938

ஸ்ரீமதி சாலம்மாள் அவர்களுக்கு,

வணக்கம். இவ்விடம் யாவரும் க்ஷேமம். தங்கள் க்ஷேமத்தையும் கோருகிறேன்.

தாங்கள் எழுதியது கிடைத்தது. கமிட்டியின் முடிவு பலரும் கூடி எடுத்தது. தலைவர் என்ற முறையில் நான் ஒருவனாக அதை மாற்ற இயலாது. தார் சுற்றுவோர் சார்பில் வேறொரு பெண்மணியைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால் கமிட்டி மகிழ்ச்சியோடு ஏற்கும். தங்கள் கடிதத்தில் கண்ட மற்ற விஷயங்கள் சங்கத்தைச் சேர்ந்தவை அல்ல. ஆகையால் அவற்றுக்கு நான் பதில் எழுத வேண்டியதில்லை என்று கருதுகிறேன்.

மூச்சிரைப்பு இந்த வருஷம் குறைவு.

இங்ஙனம்,
சுவாமிநாதன்
தலைவர்


செவ்வாய்ப்பேட்டை,
13-3-1938

சுவாமிநாதன் அவர்களுக்கு,

இங்கே சுகம். நீங்களும் சுகம் என்று கடைசி வரியில் தெரிந்துகொண்டேன். அந்தக் கடிதத்தில் நீங்கள் எழுதியது அந்த ஒரு வரிதான். மற்றதெல்லாம் தலைவர் எழுதியது.

தாங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மேட்டூரில் என்னை ஒரு நாளும் தாங்கள் என்றதில்லை. "ஏம் புள்ளே, கஞ்சி ஆறிப்போச்சா?" என்றுதான் கேட்பீர்கள். அதையும் வாசலில் நின்றே கேட்பீர்கள். ஜல்லி வண்டி தள்ளி வந்த காலோடு உள்ளே வந்தால் நான் கத்துவேன்.

மறந்துவிட்டது போல எழுதுகிறீர்கள். ஆகையால் எழுதிவைக்கிறேன். அணைக்கட்டு வேலை மும்முரமாக நடந்த காலம். நான் மேச்சேரியிலிருந்து நடந்து வந்து கல் சுமந்தேன். நீங்கள் ராசிபுரத்தில் தறி ஓடாமல் வந்து வண்டி தள்ளினீர்கள். கூலிலைன் கொட்டகைகளில் ஜாதி கேட்க யாருக்கும் தெம்பில்லை. நான் பாதிரி பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். உங்களுக்குப் பத்திரிகை படித்துக் காட்டினேன். பிறகு எழுத்தும் சொல்லிக்கொடுத்தேன். நாம் ஒரே கொட்டகையில் மூன்று வருஷம் குடித்தனம் இருந்தோம். தாலி என்பது மாட்டுக்குக் கட்டுகிற கயிறு, அதில் எனக்கு நம்பிக்கை இல்லை என்றீர்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. ஒரு கயிறு என் கழுத்தில் அதற்கு முன்பே ஏறி இறங்கியிருந்தது. வேண்டாம் என்று நானும் மனதாரத்தான் சொன்னேன். ஆனால் கயிறு இல்லாததால் இன்றைக்கு நான் நன்னடத்தை இல்லாதவள், நீங்கள் துறவி. கொள்கை ஒன்றுதான். லாபம் மட்டும் ஒரு பக்கமாகப் போயிருக்கிறது.

உங்கள் அப்பா செத்த சேதி வந்தது. "கருமாதி முடிஞ்சதும் வாரேன் புள்ளே" என்று பஸ் ஏறினீர்கள். அணையைக் கட்டி முடித்தார்கள். தண்ணீரும் நிரப்பினார்கள். நீங்கள் வரவில்லை. நான் சேலத்துக்கு வந்து ராட்டையில் உட்கார்ந்தேன். உங்களைத் தேடி ராசிபுரத்துக்கு வரவில்லை. வராத ஆளைத் தேடிப் போகிற பழக்கம் எனக்குக் கிடையாது. சங்கம்தான் உங்கள் படத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தது.

ஆண்டு விழாவில் உங்களுக்கு வாசித்த வரவேற்புப் பத்திரத்தை நானும் கேட்டேன். "தெருவிளக்கின் அடியில் தானே கல்வி கற்றவர். இல்லறத்தைத் துறந்தவர்." மேட்டூர்க் கூலிலைனில் தெருவிளக்கு எங்கே இருந்தது? கைகூப்பிக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

உங்கள் மௌனத்தை ஊரில் பெரிய குணம் என்கிறார்கள். தலைவர் ஒரு வார்த்தை பேசினால் எடை போட்டுத்தான் பேசுவார் என்கிறார்கள். நான் அந்த மௌனத்தோடு குடித்தனம் பண்ணியவள். அது பயம். மேஸ்திரி உங்களை அடித்த அன்றைக்கும் இப்படித்தான் இருந்தீர்கள். அவனோடு சண்டைக்குப் போனவள் நான்.

வேறொரு பெண்மணியை அனுப்ப மாட்டோம். அடுத்த கமிட்டி எப்போது?

சாலம்மாள்


ராசிபுரம்,
25-4-1938

சகோதரி சாலம்மாளுக்கு,

சங்கக் காரியதரிசி மணியன் எழுதுவது. நீ சௌக்கியமாக இருக்க ஆண்டவனைப் பிரார்த்திக்கிறேன்.

கமிட்டியில் நான் பேசியதை நீ மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு உன் மேல் ஒரு விரோதமும் இல்லை. பொதுக்காரியம் என்றால் நாலு பேர் கண்ணுக்கு நல்லபடியாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். தலைவருக்கு எவ்வளவு பெரிய மனசு பார். "அந்தப் பெண்ணுக்கு வெளியூரில் ஏதாவது நல்ல வேலை பாருங்கள்" என்று அவராகவே என்னிடம் சொன்னார். பெண்பிள்ளைகள் விஷயத்தில் தலையிடாதவர் இப்படிச் சொன்னது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. குமாரபாளையத்தில் எனக்குத் தெரிந்த சாயப்பட்டறை ஒன்று இருக்கிறது. தங்க இடமும் தருவார்கள். வருகிற வாரம் நானே சேலம் வந்து உன்னை அழைத்துப்போய் விடுகிறேன்.

உன் நன்மையை நாடும்,
மணியன்


செவ்வாய்ப்பேட்டை,
8-5-1938

சுவாமிநாதன் அவர்களுக்கு,

வெயிலைத் தவிர இங்கே வேறு குறை இல்லை. உங்களுக்கும் அப்படியே என்று நினைக்கிறேன்.

மணியன் வந்தார். ராட்டை பக்கத்தில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"பொட்டியைக் கட்டு அம்மிணி. வண்டி நிக்குது."

"யாருங்க கட்டச் சொன்னது?"

"தலைவருதான். உம்மேல எரக்கப்பட்டு."

"ஏனுங்க, தார் சுத்துறவ செவ்வாய்ப்பேட்டையில எத்தனையோ பேர் இருக்கறாங்க. அவங்களுக்கெல்லாம் வராத எரக்கம் எம்மேல மட்டும் எதுக்குங்க வந்துது?"

மணியன் வண்டியைத் திருப்பச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. யோசிக்காதவர். அன்றைக்குக் கொஞ்சம் யோசித்துக்கொண்டே போனார்.

நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் ராசப்பனும் வந்தார். "சங்கமே எழுதி ஒட்டிப்போட்டாங்க. நான் உன்னைய வெச்சிருந்தா என்ற புள்ளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்? வேற எடம் பாத்துக்க சாமி" என்றார். சாமி என்று சொல்லித்தான் வெளியே போகச் சொன்னார். இப்போது முத்தாயம்மாள் வீட்டுத் தாழ்வாரத்தில் என் ராட்டையைப் போட்டிருக்கிறேன். அவளோடும் கந்தம்மாளோடும் தார் சுற்றுகிறேன். உங்கள் கையெழுத்து ஒரு வீட்டைக் காலி பண்ணியிருக்கிறது. தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்றும் எழுதுகிறேன். உங்களுக்கு இது தெரிந்திருக்காது. எனக்கு முதலில் கட்டிவைத்த சென்றாயன் குடிகாரன். அடித்தான். நான் முடியாது என்றேன். எங்கள் ஊரில் பெரியவர்களைக் கூட்டினார்கள். ஆட்டுப்பட்டி மந்தையில் ஊரே நின்றது. ஒரு வைக்கோல் துரும்பை அவன் கையில் கொடுத்தார்கள். எல்லோர் எதிரிலும் அதைக் கிள்ளி என் கையில் போட்டு, "தீந்துது" என்றான். தீர்ந்தது. அதற்குப் பிறகு என்னை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் தள்ளாடிக்கொண்டு வந்தான். ஆனால் வந்தான். நீங்கள் குடிக்காதவர்.

கமிட்டியில் மணியன் சொன்னதும் பொய். நான் கட்டினவனை விட்டு ஓடவில்லை. தீர்த்துக்கொண்டு வந்தவள்.

ஆகையால் இரண்டில் ஒன்று செய்யுங்கள். கமிட்டியில் அந்த ஆள் நான்தான் என்று சொல்லுங்கள். அல்லது கமிட்டிக்கு முன்னால் துரும்பைக் கிள்ளி என் கையில் போடுங்கள். எனக்கு எது என்றாலும் சம்மதம்.

சாலம்மாள்


20-6-1938

நீ கேட்டது இதில் இருக்கிறது. இத்தோடு முடியட்டும். உடம்பைப் பார்த்துக்கொள்.

சு.


செவ்வாய்ப்பேட்டை,
24-6-1938

சுவாமிநாதன் அவர்களுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னீர்கள். பார்த்துக்கொள்கிறேன்.

கவரைப் பிரித்தபோது துரும்பு மடியில் விழுந்தது. பக்கத்தில் கந்தம்மாளும் முத்தாயம்மாளும் இருந்தார்கள். மறைக்க நேரமில்லை.

முத்தாயம்மாள் எடுத்துப் பார்த்து, "என்ன புள்ளே, வைக்கலு வந்துருக்குது? மாடு வாங்கச் சொல்லி ஆராச்சும் எழுதியிருக்கறாங்களா?" என்றாள். அவள் நெசவுக்காரி, உங்கள் ஜனம். அவளுக்குத் தெரியவில்லை. கந்தம்மாளின் அம்மா எங்கள் பக்கத்து ஊர்க்காரி. அவள் துரும்பை வாங்கிப் பார்த்தாள். என் முகத்தையும் பார்த்தாள்.

"கிள்ளியிருக்குது."

"ஆமா."

"துரும்பு கிள்ளறது பொண்டாட்டிக்குத்தானே? நீ ஆரு பொண்டாட்டி?"

பெயர் கேட்டாள். அதை அவரே சொல்லட்டும் என்றேன்.

நீங்கள் செய்தது என்ன என்று இப்போதாவது புரிகிறதா? எங்கள் வழக்கம் தெரியாமல் செய்துவிட்டீர்கள். எங்கள் ஊரில் ஆடு மேய்க்கிற பிள்ளைக்குக்கூட இது தெரியும். சும்மா சேர்த்து வைத்துக்கொண்டவளுக்கு யாரும் துரும்பு கிள்ளுவதில்லை. அவளை அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள். துரும்பைக் கிள்ளுகிறவன், இவள் என் மனைவியாக இருந்தாள் என்று முதலில் ஒப்புக்கொள்கிறான். பிறகுதான் கிள்ளுகிறான். என்னைக் கழற்றிவிட நினைத்து, கட்டியதை ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். 

ஆனால் இது செல்லாது. ஆள் இல்லாத இடத்தில் கிள்ளினால் தீராது. நாலு பேர் பார்க்க வேண்டும். உங்கள் வாய் "தீர்ந்தது" என்று சொல்ல வேண்டும். ஆகவே உங்கள் கணக்கிலேயே பார்த்தாலும் நான் இன்னும் உங்கள் மனைவி. எனக்கு அதில் ஆனந்தம் ஒன்றும் இல்லை.

நீ என்று எழுதியிருந்தீர்கள். ஆறு வருஷத்துக்குப் பிறகு. அதைக் கவனித்தேன் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

சாலம்மாள்


ராசிபுரம்,
15-8-1938

சாலம்மாளுக்கு,

நலம். நீ நலமாக இருப்பதாக நம்புகிறேன். இதைப் படித்ததும் கிழித்துவிடு.

நீ எழுதியவற்றில் பொய் எதுவும் இல்லை. தெருவிளக்குக் கதை மணியன் எழுதியது. நான் மறுத்திருக்க வேண்டும்.

இங்கே நிலைமை உனக்குத் தெரியாது. நூல் விலை ஏறிக்கொண்டிருக்கிறது. ஐப்பசியில் வேலை நிறுத்தம் செய்வதாக இருக்கிறோம். ராசிபுரம், சேலம், திருச்செங்கோடு மூன்று ஊரும் என் சொல்லை நம்பி இறங்குகிறார்கள். இந்த ஜனம் ஜாதிக் கட்டுப்பாட்டை விட்டு இன்னும் வெளியே வரவில்லை. வேறு ஜாதிப் பெண்ணோடு தாலி இல்லாமல் இருந்தவன் என்று தெரிந்தால், சங்கத்தை விட்டு முதலில் போகிறவர்கள் இந்தத் தெருக்காரர்கள்தான். நூல் கடைக்காரர்கள் காத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் பேசினால் சங்கம் உடையும். நீ பொறுத்தால் நிற்கும். எத்தனை குடும்பம் என்று நீயே யோசித்துப் பார்.

வேலை நிறுத்தம் முடியட்டும். பிறகு பார்ப்போம்.

கருமாதி முடிந்ததும் வருகிறேன் என்று அன்றைக்குச் சொன்னது பொய்யல்ல. பெட்டி கட்டினேன். அம்மா கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு

சுவாமிநாதன்


செவ்வாய்ப்பேட்டை,
21-8-1938

சுவாமிநாதன் அவர்களுக்கு,

சுகம். கிழிக்கவில்லை.

"அதற்குப் பிறகு" என்று எழுதி வரியை முடிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். மீதியை நான் எழுதிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. எழுத மாட்டேன். உங்கள் அம்மா விழுந்துவிடுவேன் என்று கிணற்று மேட்டில் உட்கார்ந்ததை நான் நம்புகிறேன். மகனைப் பிடித்து வைக்க ஒரு பெண்பிள்ளையிடம் வேறு என்ன இருக்கிறது? ஆனால் உங்களுக்குப் போஸ்டாபீஸ் இருந்தது. எழுதக் கையும் இருந்தது. வர முடியாது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். நான் அணை நிரம்பும் வரை சாலையைப் பார்த்திருக்க மாட்டேன்.

சங்கம் உடையும் என்கிறீர்கள். குடும்பங்களை எண்ணச் சொல்கிறீர்கள். அந்த எண்ணிக்கையில் தார் சுற்றுகிறவர்கள் உண்டா? வேலை நிறுத்தம் என்றால் உங்கள் தறி நிற்கும், எங்கள் ராட்டையும் நிற்கும். உங்கள் வீட்டு அடுப்புப் போலத்தான் எங்கள் அடுப்பும் அணையும். அப்புறம் கூலி உயர்ந்தால் தறிக்காரருக்கு உயரும். எங்களுக்கு என்ன என்று அந்தக் கமிட்டியில் கேட்கத்தான் நான் படியேறினேன். ஜாதிக் கட்டுப்பாட்டை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் ஜனம் அதை விட்டு வரவில்லை என்று ஜனத்தின் மேல் பழி போடுகிறீர்கள். யார் முதலில் வருவது? நீங்கள் தலைவர்.

பொறு என்கிறீர்கள். பொறுக்க முடியாது என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம். நோட்டீஸ் கதவில் இருக்கிற வரை கமிட்டிக்காரர்கள் வீட்டுத் தறிக்கு யாரும் தார் சுற்றுவதில்லை. மற்ற தறிகளுக்கு உண்டு. நேற்றிலிருந்து நிறுத்திவிட்டோம். முத்தாயம்மாளின் வீட்டுக்காரர் கமிட்டியில் இருக்கிறார். "ஏண்டி, எனக்கே சுத்த மாட்டியா?" என்று கேட்டிருக்கிறார். "நோட்டீஸுக்குக் கை தூக்குனீங்கல்ல, அந்தக் கையில நீங்களே சுத்திக்குங்க" என்றாளாம். மனுஷன் சுற்றிப் பார்த்திருக்கிறார். தார் முடிச்சு முடிச்சாக வந்து நாடாவில் சிக்கி, பாதித் துணி வீணாகிவிட்டது.

புதுச்சத்திரத்தில் சங்க மாநாடு என்று கேள்விப்பட்டேன். வருவோம்.

சாலம்மாள்


செவ்வாய்ப்பேட்டை,
3-10-1938

சுவாமிநாதன் அவர்களுக்கு,

புதுச்சத்திரத்திலிருந்து பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தோம். நீங்களும் சேர்ந்திருப்பீர்கள்.

நடந்ததை உங்களுக்கே எழுதுகிறேன். நீங்கள் அதை வேறு மாதிரி நினைத்துக்கொள்ளக் கூடும்.

ரஸ்தா ஓரத்துப் பந்தலில் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தேன். "தலைவர்கிட்ட ஒரு கேள்விங்க" என்றேன். மணியன், "கேள்விக்கு நேரமில்லை அம்மிணி, உக்காருங்க" என்றார். நாமக்கல்லிலிருந்து வந்த ஒரு பெரியவர், "கேக்கட்டும் உடப்பா. பொம்பளை கேட்டா பந்தலா சாஞ்சு போவுது?" என்றார். கூட்டம் சிரித்து அடங்கியது. நான் கேட்டேன்.

"நான் நடத்தை இல்லாதவள்னு கதவுல ஒட்டியிருக்குதுங்க. ஒருத்தனோட ஓடுனவள்னு சொன்னாங்க. ஓடிப்போக ரண்டு பேர் வேணுமுங்க. நான் ஒருத்தி இங்க நிக்கறேன். இன்னொருத்தர் ஆருன்னு தலைவருக்குத் தெரியும். அவரு சொல்லட்டும்."

உங்கள் பெயரை நான் சொல்லவில்லை. உங்களுக்கு ஒரு பாதை திறந்துதான் வைத்தேன். நீங்கள் எழுந்தீர்கள். மேஜையைப் பிடித்துக்கொண்டீர்கள். நான்கூட நம்பினேன். அதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

"மழை வர்ற மாதிரி இருக்குது. கூட்டத்தை முடிச்சுக்குவோம்" என்றீர்கள்.

அத்தனை ஜனமும் அண்ணாந்து பார்த்தது. பந்தல் கீற்றின் சந்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு மேகம் இல்லை. யாரும் சிரிக்கவில்லை. அந்த நாமக்கல் பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். மணியன் உங்களைத் திரும்பிப் பார்த்த பார்வையை நீங்கள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

மணியன் போன வியாழக்கிழமை செவ்வாய்ப்பேட்டைக்கு வந்து, தன் கையாலேயே நோட்டீஸைக் கிழித்தார். கமிட்டி மறுபடி கூடியதாம். நீங்கள் வரவில்லையாம். "உங்களைச் சேத்துக்கிட்டோமுங்க. வந்து உக்காருங்க. தார் வேணுமுங்க" என்றார். அம்மிணி என்று சொல்லவில்லை. ராட்டையை ஓட்டினோம். ஞாயிற்றுக்கிழமைக் கமிட்டியில் உட்கார்ந்தேன். வேலை நிறுத்தத்தில் தார் சுற்றுகிறவர்கள் கூலியையும் கோரிக்கையில் சேர்த்தாகிவிட்டது. ராசிபுரத்துக்காரர் ஒருவர் கூட எழுந்து போகவில்லை. சங்கம் உடையவில்லை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். உங்கள் நாற்காலி மட்டும் காலியாக இருந்தது.

நான் கேட்ட இடம் கிடைத்துவிட்டது. அதை நீங்கள் தரவில்லை. பெண்கள் ராட்டையை நிறுத்தி வாங்கினார்கள். ஆகவே நீங்கள் தர வேண்டியது அப்படியே பாக்கி இருக்கிறது.

இதுவரை கவரில் எழுதினேன். உங்கள் மானத்தை நினைத்து ஒட்டி ஒட்டி அனுப்பினேன். இனிமேல் கவர் கிடையாது.

சாலம்மாள்


(தபால் அட்டை)
1-11-1938

சுவாமிநாதன், சங்கத் தலைவர், நெசவாளர் தெரு, ராசிபுரம்.

சுகம். மேட்டூர்க் கூலிலைனில் உங்களோடு மூன்று வருஷம் குடித்தனம் இருந்தவள் பெயர் என்ன? எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

சாலம்மாள், கமிட்டி அங்கத்தினர்


(தபால் அட்டை)
1-12-1938

சுவாமிநாதன், சங்கத் தலைவர், நெசவாளர் தெரு, ராசிபுரம்.

சுகம். போன அட்டைக்குப் பதில் இல்லை. வேலை நிறுத்தத்தில் இரண்டு நூல் கடைகள் இறங்கி வந்திருக்கின்றன. கமிட்டிக்கு நீங்கள் வர வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நானும் கேட்கிறேன். வரும்போது பதிலோடு வாருங்கள்.

சாலம்மாள்


(தபால் அட்டை)
3-1-1939

சுவாமிநாதன், நெசவாளர் தெரு, ராசிபுரம்.

சுகம். தபால்காரர் போன அட்டைகளைப் படித்திருப்பார். மணியன் படித்துவிட்டார். உங்கள் தெருவும் படித்திருக்கும். ஒருவரும் உங்கள் வீட்டின் மேல் கல் எறிந்ததாகச் சேதி இல்லை. இனி எதற்குப் பயம்? உங்களோடு இருந்தவள் பெயர் எல்லோருக்கும் தெரியும். நீங்கள் ஒருவர்தான் இன்னும் சொல்லவில்லை.

பெயரை எழுதுங்கள்.